முகாமுக்கும் டெயில்கேட்டுக்கும் ஒரே கேஸ் கிரில்: எதை வாங்கலாம்?

கரிசல்காடு (எடிசன், நியூஜெர்சி)

அனைவருக்கும் வணக்கம். அக்டோபரில் மூன்று குடும்பங்களாக ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். பிக் மெடோஸில் கூடாரம் போட இடம் பதிவு செய்துவிட்டோம். பிள்ளைகளையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். அடுத்த மாதம் மகள் படிக்கும் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். பீவர் ஸ்டேடியத்துக்கு வெளியே வண்டிகளை நிறுத்திக் காலையிலிருந்தே சமைத்துச் சாப்பிடுவது (டெயில்கேட்) அங்கே வழக்கம் என்பதால் அவளுடைய தோழிகளுக்கும் சேர்த்து நாங்களே சமைப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.

இரண்டுக்கும் பயன்படும்படி ஒரே கேஸ் கிரில் வாங்க வேண்டும். 400 டாலர் வரை செலவிடலாம். மினிவேனின் பின்பக்கத்தில் கூடாரம், ஐஸ் பெட்டி எல்லாவற்றோடும் அது அடங்க வேண்டும். வெபர் டிராவலர், வெபர் க்யூ 1200, கோல்மன் ரோட்டிரிப் 285, பிளாக்ஸ்டோன் 22 அங்குலம் என்ற நான்கைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்றில் 8,500 பி.டி.யூ. (சூட்டை அளக்கும் அலகு), இன்னொன்றில் 24,000 என்று போட்டிருக்கிறார்கள். எண் கூடக் கூட நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? எங்களோடு வருபவர்களில் ஒரு குடும்பம் முழுச் சைவம் என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

பனிக்கரடி (கிரீன் பே, விஸ்கான்சின்)

பி.டி.யூ. எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரு மணி நேரத்தில் பர்னர் எவ்வளவு எரிவாயுவை எரிக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. அந்தச் சூட்டில் எவ்வளவு இறைச்சியில் ஏறும், எவ்வளவு காற்றோடு போகும் என்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

முதலில் பரப்பளவால் வகுத்துப் பாருங்கள். க்யூ 1200 சமைக்கும் பரப்பு 189 சதுர அங்குலம், 8,500 பி.டி.யூ. அதாவது சதுர அங்குலத்துக்கு 45. டிராவலர் 320 சதுர அங்குலம், 13,000, ஏறக்குறைய 41. ரோட்டிரிப் 285க்கு 20,000, அது 70. பெயரிலேயே அதன் பரப்பளவு இருக்கிறது. காகிதத்தில் ரோட்டிரிப் வெகுதூரம் முந்துகிறது. ஆனால் க்யூவின் உடலும் மூடியும் கனமான வார்ப்பு அலுமினியம். மூடியைச் சாத்தினால் சூடு உள்ளேயே நிற்கும். எங்கள் ஊர் லாம்போ ஃபீல்டு மைதானத்தின் வாகன நிறுத்தத்தில் டிசம்பர் காற்று அடிக்கும்போது பெரிய எண் கொண்ட மெல்லிய தகரக் கிரில்களை விட, சிறிய எண் கொண்ட இந்தக் கனமான கிரில் நன்றாக வேலை செய்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே நான் இந்த வரிசையில்தான் பார்ப்பேன்: மூடி எவ்வளவு ஒழுங்காகப் பொருந்துகிறது, கம்பித்தட்டு வார்ப்பிரும்பா மெல்லிய கம்பியா, காற்றிலிருந்து பர்னருக்கு மறைப்பு உண்டா, கடைசியாக பி.டி.யூ. வார்ப்பிரும்புத் தட்டு சூடேற நேரம் எடுக்கும். ஆனால் குளிர்ந்த கோழித்துண்டுகளை வரிசையாக அடுக்கினாலும் அதன் சூடு சட்டென்று இறங்காது. மூடியைச் சாத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக்கிய பிறகுதான் எதையும் வைக்க வேண்டும்.

கிரில்லை நிறுத்தும் திசையும் முக்கியம். பல கிரில்களில் பின்பக்கம் காற்றுத் துளைகள் உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் சூடு முன்பக்கம் தள்ளப்பட்டுக் குமிழ்கள் உருகும் அளவுக்குப் போகும், தீயும் அணையும். காற்று அந்தத் துளைகளுக்குள் நேரே புகாதபடி திருப்பி வையுங்கள்.

தோசைக்கல் (பிளேனோ, டெக்சஸ்)

பனிக்கரடி அண்ணா சொல்வது இறைச்சிக்குச் சரி. நம் ஆட்கள் முகாமில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் தோசை, முட்டை, ஆம்லெட். மதியம் கொத்து ரொட்டி. மாலையில் வெங்காயம் குடைமிளகாய் போட்டுப் பனீர். இதில் கம்பித்தட்டு எதற்கு உதவும்? பிளாக்ஸ்டோன் 22 அங்குலத்தில் 361 சதுர அங்குலம் தட்டையான இரும்புப் பரப்பு இருக்கிறது. இரண்டு பர்னருக்குத் தனித்தனிக் குமிழ், மொத்தம் 24,000 பி.டி.யூ. ஒரு பக்கம் தோசை, மறுபக்கம் முட்டை. பன்னிரண்டு பேருக்குக் காலை உணவை இதைவிட வேகமாகப் போடும் கருவி எனக்குத் தெரிந்து கிடையாது.

தோசைக்கு இரண்டு விஷயம். தீயை மிகக் குறைவாக வைத்துக் கல் முழுவதும் சூடு பரவக் காத்திருங்கள், இல்லாவிட்டால் பர்னருக்கு நேர் மேலே கருகி ஓரத்தில் வெந்தும் வேகாமலும் இருக்கும். ஒவ்வொரு தோசைக்கும் முன் தண்ணீர் தெளித்துத் துடைத்து, எண்ணெய் தொட்ட பாதி வெங்காயத்தால் தேயுங்கள். கல் புதிதாக இருக்கும்போது ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போட்டுப் புகை அடங்கும்வரை சூடாக்குவதைப் பல தடவை செய்து பழக்குங்கள். நம் வீட்டு இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குகிற அதே முறைதான்.

பனிக்கரடி

தோசைக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எலும்போடு கூடிய கோழிக்காலை அந்தத் தட்டில் போட்டால் அடிப்பக்கம் கருகும்போது எலும்பை ஒட்டிய இடம் இன்னும் பச்சையாக இருக்கும். மேலிருந்தும் சூடு வர வேண்டும், அதற்கு மூடிய அறை வேண்டும். சோளக்கதிரிலும் கத்தரிக்காயிலும் தீ பட்டு வரும் மணமும் கல்லில் வராது. மேலும் கல் திறந்த பரப்பு. காற்று அடித்தால் சூடு முழுவதும் பக்கவாட்டில் ஓடிவிடும். காற்றுத் தடுப்புத் தகடு தனியாக வாங்காமல் மலை உச்சியில் அதைப் பற்ற வைக்காதீர்கள்.

மலைத்தேன் (ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா)

எதை வாங்குவது என்று பேசுகிறோம். போகிற இடத்தில் எதைப் பற்ற வைக்க அனுமதி உண்டு என்பதையும் பேச வேண்டும். எங்கள் பக்கம் கோடையில் இதுதான் முதல் கேள்வி. காட்டுத்தீ அபாயம் ஏறும்போது தேசிய வனங்களில் கட்டுப்பாடு படிப்படியாக இறுக்கப்படும். கடும் கட்டத்தில் விறகுத் தீ, கரி அடுப்பு இரண்டும் முழுவதும் தடைசெய்யப்படும். எரிவாயுவை உடனே மூடித் திறக்கும் குமிழ் உள்ள அடுப்புக்கும் கிரில்லுக்கும் மட்டும், சுற்றிலும் காய்ந்த புல் அகற்றப்பட்ட இடத்தில், வழக்கமாக அனுமதி இருக்கும். கேஸ் கிரில் வாங்குவதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. கலிபோர்னியாவில் ஒழுங்குபடுத்தப்பட்ட முகாமிடங்களுக்கு வெளியே கூட்டரசு நிலத்தில் கேஸ் அடுப்பு பற்ற வைக்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும். அது இலவசம், இணையத்தில் சில நிமிடங்களில் கிடைக்கும். ஆனாலும் பல பேர் வாங்குவதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அந்தச் சீட்டுக்காகப் படிக்கச் சொல்லும் சில பக்கங்களிலேயே தீ பரவாமல் எப்படிக் காப்பது என்பது முழுவதும் இருக்கிறது.

அடுத்தது கரடி. ஷெனாண்டோவாவில் கருங்கரடிகள் நிறைய. கொழுப்பு வழிந்த கிரில் கரடிக்கு உணவுதான். சமைத்து முடித்ததும் தட்டைச் சுரண்டி, கொழுப்புக் கிண்ணத்தைக் காலி செய்து, ஐஸ் பெட்டி, குப்பை, கிரில் எல்லாவற்றையும் வண்டிக்குள்ளோ உணவுப் பெட்டகத்திலோ பூட்டுங்கள். எங்கள் பக்கத்து யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இருட்டிய பின் வண்டிக்குள் உணவு வைப்பதே குற்றம், இரும்புப் பெட்டகத்தில்தான் வைக்க வேண்டும். அங்கே போவதாக இருந்தால் பெட்டகத்துக்குள் அடங்காத பெரிய கிரில்லை வாங்குவது வீண்வேலை. மனித உணவுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொன்றுவிடும் நிலை வருகிறது. நம் சோம்பலுக்கு அது உயிரைக் கொடுக்கிறது.

உயரமும் கணக்கில் வரும். பிக் மெடோஸ் ஏறக்குறைய 3,500 அடி, பெரிய வேறுபாடு தெரியாது. யோசெமிட்டியின் டுவாலுமி மெடோஸ் 8,600 அடி. அங்கே தண்ணீர் 91, 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பருப்பும் கொண்டைக்கடலையும் வேக வெகுநேரம் ஆகும். கிரில் எதுவாக இருந்தாலும் சிறிய பிரஷர் குக்கரை மறக்காதீர்கள்.

கரிசல்காடு

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. கரடி விஷயம் என் பட்டியலிலேயே இல்லை. இப்போது அடுத்த குழப்பம், சிலிண்டர். பச்சை நிற ஒரு பவுண்டு சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டு போவதா, வீட்டு முற்றத்தில் இருக்கும் 20 பவுண்டு டேங்கைத் தூக்கிக்கொண்டு போவதா? டேங்க் என்றால் ஒரே செலவோடு முடியும் என்று தோன்றுகிறது.

ஆற்றுமணல் (கொலம்பியா, மேரிலாந்து)

எடிசனிலிருந்து ஷெனாண்டோவாவுக்கு எந்தப் பாதையில் வருகிறீர்கள்? ஐ-95 நெடுஞ்சாலை என்றால் 20 பவுண்டு டேங்கோடு பால்டிமோர் சுரங்கப்பாதைகளுக்குள் நுழைய முடியாது. ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கம், துறைமுகச் சுரங்கம் இரண்டிலும் ஒரு சிலிண்டருக்கு 10 பவுண்டுக்கு மேல் புரோப்பேன் கொண்டுபோகத் தடை உண்டு. முன்பு அப்படிப்பட்ட வண்டிகள் கிழக்கே கீ பாலம் வழியாகச் சுற்றிப் போகும். 2024 மார்ச் 26 அதிகாலையில் சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்துவிட்டதால் இப்போது ஐ-695இன் மேற்குப் பகுதியைத்தான் சுற்ற வேண்டும். நீங்கள் ஐ-78 பிடித்து ஹாரிஸ்பர்க் பக்கம் வந்து ஐ-81இல் தெற்கே இறங்கி ஃப்ரன்ட் ராயல் நுழைவாயிலுக்கு வந்தால் சுரங்கமே குறுக்கிடாது. இயற்கைக் காட்சியும் அந்தப் பாதையில்தான் நன்றாக இருக்கும்.

இப்போது கணக்கு. ஒரு பவுண்டு புரோப்பேனில் சுமார் 21,600 பி.டி.யூ. ரோட்டிரிப்பின் மூன்று பர்னரையும் முழுதாகத் திறந்தால் ஒரு பச்சைச் சிலிண்டர் ஒரு மணி நேரம்தான் வரும். டிராவலருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். க்யூ 1200க்கு இரண்டரை மணி நேரம். நடைமுறையில் தீயைக் குறைத்துச் சமைப்பதால் இன்னும் நீளும். பன்னிரண்டு பேருக்கு மூன்று வேளை என்றால் பச்சைச் சிலிண்டர் குவிந்துவிடும். அவை ஒருமுறை பயன்பாட்டுக்கானவை. பெரிய டேங்கிலிருந்து அவற்றை நிரப்பிக்கொள்ளச் சிலர் குழாய் முனை விற்கிறார்கள். அந்த வேலையே வேண்டாம். அப்படி நிரப்பியதை வண்டியில் கொண்டுபோவதைக் கூட்டரசுச் சட்டம் தடைசெய்கிறது என்று சிலிண்டர் மேலேயே அச்சிட்டிருக்கும். நிரப்பிப் பயன்படுத்தவென்றே செய்த ஒரு பவுண்டு சிலிண்டர்கள் தனியாகக் கிடைக்கின்றன.

என் தேர்வு இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது: 5 பவுண்டு டேங்க். சுரங்கத்துக்கும் தடையில்லை. முழுதாக நிரம்பிய 20 பவுண்டு டேங்க் 37 பவுண்டு கனக்கும், நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும், மினிவேனில் உருளாமல் கட்டுவதே ஒரு வேலை. 5 பவுண்டு டேங்கை ஒரு பால் கூடையில் நிமிர்த்தி வைத்துவிடலாம். ரோட்டிரிப்பை முழு வேகத்தில் ஓட்டினாலும் ஐந்து மணி நேரம் வரும். எடை பார்த்து நிரப்பித் தரும் கடையில் நிரப்புங்கள். உற்பத்தி செய்து 12 ஆண்டுகள் ஆன டேங்கை மறுபரிசோதனை செய்யாமல் நிரப்ப மாட்டார்கள். கழுத்துப் பட்டையில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும், பாருங்கள்.

கிரில்லோடு வரும் ரெகுலேட்டர் ஒரு பவுண்டுச் சிலிண்டரின் சிறிய மரைக்குத்தான் பொருந்தும். டேங்கோடு இணைக்கத் தனிக் குழாய் வேண்டும். கிரில்லில் ஏற்கெனவே ரெகுலேட்டர் இருப்பதால், நடுவில் இன்னொரு ரெகுலேட்டர் இல்லாத குழாயாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு ரெகுலேட்டர் சேர்ந்தால் தீ சோர்ந்து எரியும்.

மலைத்தேன்

ஆற்றுமணல் அக்கா சொன்னதோடு ஒன்று. கலிபோர்னியாவில் ஒருமுறை பயன்பாட்டு ஒரு பவுண்டுச் சிலிண்டர் விற்பனை 2028 ஜனவரி 1 முதல் நின்றுவிடும். 2024இல் சட்டமாகிவிட்டது. முகாமிடக் குப்பைத் தொட்டிகளில் அவை குவிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். பாதி காலியான சிலிண்டர் குப்பை லாரியில் நசுங்கினால் வெடிக்கக்கூடும்.

புதுத்துளிர் (ஜெர்சி சிட்டி)

இடையில் ஒரு கேள்வி. அடுக்குமாடியில் இருக்கிறோம். டேங்கை எங்கே வைப்பது? பால்கனியில் வைக்கலாமா?

ஆற்றுமணல்

வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் டேங்க் கூடாது. பல ஊர்கள் பின்பற்றும் தீத்தடுப்பு நெறியில் அடுக்குமாடியினருக்கு விடப்பட்டிருக்கும் விலக்கே ஒரு பவுண்டு சிலிண்டருக்குத்தான். சில ஊர்களில் அதுவும் இல்லை. ஆகவே நீங்கள் நிரப்பிப் பயன்படுத்தும் ஒரு பவுண்டு சிலிண்டர் வகைக்குப் போங்கள். குத்தகை ஒப்பந்தத்தை முதலில் படித்துவிடுங்கள்.

செங்காந்தள் (சார்லட், வட கரோலினா)

சைவக் குடும்பம் வருகிறது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எனக்கு இதுதான் முதன்மையான விஷயமாகத் தெரிகிறது.

நான் சைவம். கூட்டாகப் போகும் முகாம்களில் பெரும்பாலும் நடப்பது இது: கோழி எல்லாம் முடிந்த பிறகு, அதே தட்டின் ஓரத்தை ஒரு காகிதத்தால் துடைத்துவிட்டு, "உங்களுடையதை இப்போது போட்டுக்கொள்ளுங்கள்" என்பார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் என் மாமியார் போன்றவர்கள் வாய் திறக்காமல் ஒரு வாழைப்பழத்தோடு எழுந்துவிடுவார்கள். கிரில் வாங்கும்போதே இதற்கு வழி செய்தால் யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

ரோட்டிரிப்பில் தட்டுகளைக் கழற்றி மாற்றலாம். ஒரு பாதி கம்பித்தட்டு, மறுபாதி தட்டைக்கல் என்று வைக்கலாம். இது ஓரளவுக்கு உதவும். ஆனால் கீழே கொழுப்பு வழியும் தட்டு ஒன்றுதான், மூடியும் ஒன்றுதான். கோழிக்கொழுப்பு தெறித்து மூடியில் பட்டுப் பக்கத்தில் சொட்டும். கண்டிப்பாகச் சைவம் பார்ப்பவர்களுக்கு அது போதாது.

என் யோசனை: ஒரே கருவியில் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இறைச்சிக்கு ஒரு கிரில். சைவத்துக்குச் சாதாரண இரட்டை பர்னர் முகாம் அடுப்பு, பர்னருக்கு 10,000 பி.டி.யூ. உள்ளது. அது பெட்டி போல மடிந்துவிடும், கிரில்லோடு ஒப்பிட்டால் விலையும் மிகக் குறைவு. அதன் மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த தோசைக்கல்லை வையுங்கள். பன்னிரண்டு பேருக்கும் காலைத் தோசை அதிலேயே வந்துவிடும். பக்கத்துப் பர்னரில் சாம்பாரும் டீயும் கொதிக்கும். பிளாக்ஸ்டோன் வேண்டுமா என்ற கேள்வியும் இதோடு தீர்ந்துவிடும். 5 பவுண்டு டேங்கிலிருந்து இரு கிளையாகப் பிரியும் குழாய் கிடைக்கிறது. கிரில்லும் அடுப்பும் ஒரே டேங்கில் ஓடும்.

சைவத்துக்கும் கிரில் ருசி வேண்டும் என்றால் கனமான வார்ப்பிரும்பு வரித்தட்டு ஒன்றை அந்த அடுப்பின் மேல் வைக்கலாம். பனீரைத் தயிர், மிளகாய்த்தூள், கடலைமாவு பூசிப் பெரிய துண்டுகளாகப் போடுங்கள். சிறிதாக நறுக்கினால் திருப்பும்போது உடையும். சேப்பங்கிழங்கை வீட்டிலேயே பாதி வேகவைத்து எடுத்து வந்தால் முகாமில் ஐந்து நிமிட வேலை. இடுக்கியும் கரண்டியும் சைவத்துக்குத் தனி. கைப்பிடியில் ஒரு பச்சை நாடா கட்டிவிட்டால் பிள்ளைகள்கூட மாற்றி எடுக்க மாட்டார்கள்.

தோசைக்கல்

செங்காந்தள் அக்காவின் பதிவுக்குப் பிறகு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். பன்னிரண்டு பேருக்கு முகாம் என்றால் அடுப்பும் தோசைக்கல்லும் போதும். ஆனால் டெயில்கேட்டில் ஐம்பது பேர் வந்து போகும் இடத்தில் நான் இன்னும் தட்டைக்கல்லின் பக்கம்தான்.

கரிசல்காடு

அக்கா, நீங்கள் சொன்ன வாழைப்பழக் காட்சி எங்கள் கூட்டத்திலும் நடந்திருக்கிறது. இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது அடுப்பு உடனே முடிவாகிவிட்டது. இனி கிரில் மட்டும்தான். டிராவலரா, ரோட்டிரிப்பா?

பனிக்கரடி

இரண்டும் 50 பவுண்டை நெருங்கும், இரண்டுக்கும் மடிக்கும் கால்களும் சக்கரமும் உண்டு, இரண்டிலும் நின்றுகொண்டே சமைக்கலாம். டிராவலரில் ஒரே பர்னர், ஒரே குமிழ். தட்டு முழுவதும் சீராகச் சூடு வரும், மூடியைச் சாத்தி விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம். ரோட்டிரிப்பில் மூன்று பர்னர். ஒரு பக்கம் கடுந்தீ, மறுபக்கம் தீயே இல்லாமல் வைக்கலாம். எலும்போடு கூடிய கோழிக்கு இதுதான் பெரிய வசதி: முதலில் கடுந்தீயில் நிறம் ஏற்றி, பிறகு தீ இல்லாத பக்கம் தள்ளி மூடிவைத்தால் கருகாமல் உள்ளே வேகும்.

நீங்கள் பன்னிரண்டு பேருக்குக் கோழி சுடுபவர் என்றால், மூன்று பர்னரைக் கவனித்துச் சமைக்கப் பொறுமை உண்டு என்றால், ரோட்டிரிப். பர்கர், கபாப், சோளம், எலும்பில்லாத தொடைக்கறி போதும் என்றால் டிராவலர்; பரப்பும் சற்றுக் கூடுதல். க்யூ 1200ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். 30 பவுண்டு அளவில் தூக்கிப்போக எளிது, நான்கு பேர் குடும்பத்துக்கு மிகச் சிறந்தது. பன்னிரண்டு பேருக்கு மூன்று தடவை அடுக்க வேண்டிவரும், முதலில் சாப்பிட்ட பிள்ளைகள் கடைசித் தட்டு வருவதற்குள் மறுபடியும் பசியோடு நிற்பார்கள்.

குளிர்கால ஆட்டத்துக்கும் போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. பியூட்டேன் கெனிஸ்டர் போடும் மேசை அடுப்பைத் துணைக்கு வாங்காதீர்கள். பியூட்டேன் உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே வாயுவாக மாறுவதை நிறுத்திவிடும், சிலிண்டர் நிரம்பியிருந்தும் தீ வராது. புரோப்பேன் மைனஸ் 42 செல்சியஸ் வரை வாயுவாகும். ஆனாலும் ஒரு பவுண்டு சிலிண்டரில் கடுந்தீ வைத்தால், உள்ளே திரவம் ஆவியாக ஆவியாகச் சிலிண்டரே குளிர்ந்து, மேலே பனி படிந்து, தீ இறங்கும். உங்களுக்கு 5 பவுண்டு டேங்க் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுத்துளிர்

மீண்டும் நான். நண்பர் ஒருவருடைய கிரில்லை இரவல் வாங்கிப் பூங்காவில் பற்ற வைத்தோம். அவரது 20 பவுண்டு டேங்க் நிரம்பியிருக்கிறது, ஆனால் எல்லாக் குமிழையும் முழுதாகத் திறந்தும் தீ மெழுகுவர்த்தி அளவுக்குத்தான் வருகிறது. கிரில் கெட்டுவிட்டதா?

ஆற்றுமணல்

கெட்டிருக்காது. டேங்க் இணைப்பில் பாதுகாப்புக்கு ஒரு தடுப்பு உண்டு. குழாய் அறுந்து வாயு வெளியேறினால் ஓட்டத்தைத் தானாகக் குறைப்பது அதன் வேலை. கிரில் குமிழ் திறந்திருக்கும்போது டேங்க் வால்வைத் திறந்தாலோ, வால்வை வேகமாகத் திருப்பினாலோ, கசிவு என்று எண்ணி அது தடுத்துவிடும். எல்லாக் குமிழையும் மூடுங்கள், டேங்க் வால்வை மூடுங்கள், இணைப்பைக் கழற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். மறுபடி இணைத்து, வால்வை மிக மெதுவாகத் திறந்து, சற்றுப் பொறுத்து, அதன் பிறகு ஒரு குமிழை மட்டும் திறந்து பற்ற வையுங்கள். நல்ல கிரில்லைக் கடையில் திருப்பிக் கொடுக்கிற பலருக்கு இருக்கும் சிக்கல் இதுதான்.

புதுத்துளிர்

சரியாகிவிட்டது. மிக்க நன்றி அக்கா.

கரிசல்காடு

ரோட்டிரிப் 285 என்று முடிவு செய்துவிட்டோம். கோழிக்கால் இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரட்டை பர்னர் அடுப்பு, 5 பவுண்டு டேங்க், இரு கிளைக் குழாய், பாதை ஐ-78, ஐ-81. டெயில்கேட்டுக்குப் போகும் முன் கவனிக்க வேண்டியது வேறு ஏதாவது உண்டா?

பனிக்கரடி

நேரம். ஆட்டம் தொடங்குவதற்கு நெருக்கமாகச் சமைத்துக்கொண்டிருந்தால் சூடான கிரில்லை எங்கே வைப்பீர்கள்? வண்டிக்குள் ஏற்றவும் முடியாது, வெளியே விட்டுப் போகவும் கூடாது. ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தீயை அணைத்துவிடுங்கள். அது ஆறியதும் டேங்கைக் கழற்றி, வால்வுக்கு மூடி போட்டு, பிறகு ஏற்றுங்கள். கரி அடுப்புக்காரர்கள் தணலை எங்கே கொட்டுவது என்று அலையும்போது உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

வாகன நிறுத்தத்துக்கு வாகன நிறுத்தம் விதி வேறு. டிக்கெட்டோடு வரும் பக்கத்தைப் படியுங்கள். மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் குரோவ் போன்ற, டெயில்கேட்டுக்குப் புகழ்பெற்ற இடத்தில்கூடத் தீ மூட்டவே அனுமதி கிடையாது. சமைத்துக் கொண்டுவந்துதான் சாப்பிட வேண்டும்.

மலைத்தேன்

மழை வந்தால் கூடாரத்துக்குள்ளோ, நான்கு பக்கமும் துணி இறக்கிய பந்தலுக்குள்ளோ, வேனின் பின்கதவுக்குக் கீழேயோ கிரில்லைக் கொண்டுவராதீர்கள். குளிருக்காகவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. தூங்கும் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாமலே முடிந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் முகாம்களில் இப்படி உயிர்கள் போகின்றன. மழை பெய்தால் அன்றைக்கு ரொட்டியும் ஜாமும் போதும்.

செங்காந்தள்

கொண்டுபோகும் கோழியைப் பற்றிச் சைவக்காரி ஒரு வார்த்தை சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் சாப்பிடப் போகிறார்கள். மசாலா தடவி வீட்டிலேயே பையில் உறையவைத்து எடுத்துப் போங்கள். அது ஐஸ் கட்டியாகவும் பயன்படும். ஐஸ் பெட்டிக்குள் 40 பாரன்ஹீட்டுக்கு மேல் போகக் கூடாது. வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மஞ்சளும் மிளகாயும் தடவிய கோழியில் அறவே முடியாது. ஊசி வெப்பமானி ஒன்று வாங்கி, எலும்பில் படாமல் சதையின் தடித்த இடத்தில் குத்தி, 165 பாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் வந்தபின் எடுங்கள்.

ஆற்றுமணல்

கிளம்புவதற்கு முந்தைய வாரம் வீட்டு முற்றத்தில் எல்லாவற்றையும் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வோர் இணைப்பிலும் தடவி, குமிழ்களை மூடிய நிலையில் டேங்க் வால்வை மட்டும் திறந்தால், கசிவு உள்ள இடத்தில் நுரை கிளம்பும். இரு கிளைக் குழாயில் இணைப்புகள் அதிகம், ஆகவே ஒன்றையும் விடாதீர்கள். பிறகு கிரில்லும் அடுப்பும் ஒரே நேரத்தில் எரியும்போது தீ குறைகிறதா என்று கவனியுங்கள். நீளமான லைட்டர் ஒன்றையும் கிரில்லோடு சேர்த்தே கட்டிவிடுங்கள். மலையில் ஈரம் பட்டால் பொத்தானை அழுத்தும்போது பொறி வராமல் போவது சாதாரணம்.

கரிசல்காடு

சனிக்கிழமை முற்றத்தில் இணைத்துப் பார்க்கிறேன். குழாய் இணைப்பில் ஏதாவது தகராறு என்றால் இங்கேயே வந்து எழுதுகிறேன். வெப்பமானி வாங்கியாகிவிட்டது, பச்சை நாடாவும்.